பல்லைக் கடித்துப் பொறுத்தது போதும்

"இதுதானே மேடம் உங்க தலைவலி?"

கேட்டவர் பிசியோதெரபிஸ்ட். முப்பது வயது இருக்கும். நான் மல்லாந்து படுத்திருக்கிறேன். மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்குகிற பள்ளத்தில், வலப்பக்கம், அவருடைய நடுவிரல் இருக்கிறது. பெரிய அழுத்தம்கூட இல்லை. மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று கடைக்காரருக்குத் தெரியாமல் தொட்டுப் பார்ப்போமே, அவ்வளவுதான். ஆனால் வலி வந்தது விரல் இருந்த இடத்தில் இல்லை. வலது கண்ணுக்குப் பின்னால், புருவத்துக்கு உள்ளே, எட்டு வருடமாக எனக்குப் பழகிப்போன அதே வலி. அவர் விரலை எடுக்கவில்லை. அரை நிமிடத்தில் வலி மெல்லக் கரைந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி வந்தது.

எட்டு வருடத்தில் யாரும் தொட்டுப் பார்க்காத இடம் அது.

இந்த எட்டு வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றியிருக்கிறேன். சைனஸ் என்று சொல்லி முகத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். பித்தம் என்றார் பெரியம்மா, இஞ்சிச் சாறு குடித்தேன். தலையில் நீர் கோத்திருக்கிறது என்று அம்மா சுக்கு உரசிப் பத்துப் போட்டார். கடைசியாக மூளைக்கு ஸ்கேனும் எடுத்தாயிற்று. "ஒண்ணும் இல்லை, நார்மல்" என்றார் டாக்டர். நல்ல செய்திதான். ஆனால் ஒன்றும் இல்லாததற்கு ஏன் இப்படி வலிக்கிறது என்று கேட்டபோது பதில் வரவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் கைப்பையில் சாவி இல்லாத நாள் உண்டு. அந்த மாத்திரை அட்டை இல்லாத நாள் கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் ஏதோ ஒரு வகைத் தலைவலிக் கோளாறோடு இருந்தவர்கள் சுமார் 310 கோடிப் பேர். உலக மக்களில் பத்தில் நான்கு பேர். இத்தனை பேருக்கு வருகிற ஒன்றை நாம் நோயாகவே மதிப்பதில்லை. "சும்மா தலைவலிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கோ ஆபீஸுக்கோ போய்விடுகிறோம். அந்தச் 'சும்மா'வுக்குள் ஒரு பங்கு கழுத்திலிருந்தும் தாடையிலிருந்தும் வருகிறது. அதைக் கையால் தொட்டுக் கண்டுபிடிக்கலாம், பயிற்சியால் குறைக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு வருடம் ஆனது. வாசகர்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது.

இரண்டு ஊருக்கு ஒரே தபால் நிலையம்

கழுத்தை அழுத்தினால் கண் ஏன் வலிக்க வேண்டும்?

நெற்றி, கண், கன்னம், பல், தாடை ஆகியவற்றின் வலியை மூளைக்குக் கொண்டுபோவது டிரைஜெமினல் நரம்பு. பிடரியும் பின்மண்டையும் கழுத்தின் மேல் மூன்று நரம்புகளின் பொறுப்பு. இந்த இரண்டு தரப்பும் தண்டுவடத்தின் மேல்முனையில் ஒரே இடத்தில் வந்து கலக்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டின் தபாலும் ஒரே தபால் நிலையத்தில் இறங்குவது மாதிரி. பிடரியில் இருந்து வந்த கடிதத்தை மூளை நெற்றியின் விலாசத்தில் சேர்த்துவிடுகிறது. தாடைக்கும் இதே கதைதான். தாடை மூட்டு கோபித்துக்கொண்டால் காது வலிப்பதும், கழுத்து இறுகினால் கன்னம் வலிப்பதும் இதனால்தான்.

கழுத்தில் பிறந்து தலையில் வலிக்கிற இந்த வகைக்கு 'செர்விகோஜெனிக்' தலைவலி என்று 1983ல் பெயர் வைத்தவர் நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷாஸ்டாட். பெரும்பாலும் ஒரே பக்கம் வலிக்கும், பக்கம் மாறாது. கழுத்தைத் திருப்பினால், ஒரே நிலையில் வெகுநேரம் வைத்திருந்தால் கூடும். பிடரியில் ஆரம்பித்து முன்னால் ஊர்ந்து வரும்.

அன்று அந்தப் பிசியோதெரபிஸ்ட் எனக்கு ஒரு சோதனை செய்தார். படுக்கவைத்து, என் தலையைத் தூக்கி முகவாயை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் திருப்பினார். இப்படி மடக்கிவிட்டால் கீழ்க்கழுத்து பூட்டிக்கொள்ளும், மேலே இருக்கிற முதல் இரண்டு எலும்புகள் மட்டும்தான் திரும்பும். சாதாரணமாக 44 டிகிரி வரை போக வேண்டும். இடப்பக்கம் தாராளமாகப் போனது. வலப்பக்கம் பாதியிலேயே கதவு தாழ்ப்பாளில் இடித்தது போல நின்றுவிட்டது. ஸ்கேனில் விழாத ஒன்று இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கழுத்து வலிக்கிற தலைவலியெல்லாம் கழுத்தால் வருவதில்லை. மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி வரும்போதும் பலருக்குக் கழுத்து இறுகும். அங்கே கழுத்து வலி காரணம் இல்லை, நோயின் ஒரு முகம். வாந்தி வருகிற உணர்வு, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, துடிதுடிக்கிற வலி என்றால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழுத்தைப் பிடித்துவிட்டால் மைக்ரேன் தீர்ந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

தாடை என்கிற ஊமை

பிசியோவின் கிளினிக்கில் காத்திருக்கும் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. காலர் வைப்பது அவர் பங்கு, மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். சாயங்காலமானால் இரண்டு பொட்டும் தெறிக்கும், காது அடைக்கும். காது டாக்டரிடம் போயிருக்கிறார். "காது சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்கக்கா. அப்புறம் எங்கேர்ந்து வலிக்குது?"

இந்தக் கேள்வி பழையது. 1934லேயே அமெரிக்காவில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், காது வலி என்று வந்தவர்களில் சிலருக்குக் கோளாறு தாடை மூட்டில் இருப்பதாக எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் பிற்காலத்தில் நிற்கவில்லை. ஆனால் பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

அந்த இடத்தை நீங்களும் பார்க்கலாம். காது துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஓர் எலும்பு முனை உருண்டு முன்னால் வழுக்கிப்போய்த் திரும்பி வரும். அதுதான் தாடை மூட்டு. கதவுக் கீல் போலச் சுழலவும் செய்யும், மேசை இழுப்பறை போல வழுக்கவும் செய்யும். நடுவில் சின்னதாய் ஒரு குருத்தெலும்புத் தட்டு. அது கொஞ்சம் நகர்ந்திருந்தால் 'டக்' என்று சத்தம் கேட்கும். வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. பயந்துகொண்டு வாயைத் திறந்து திறந்து சோதிப்பதுதான் கெடுதல்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். இரண்டு பொட்டிலும் விரலை வைத்துக்கொண்டு பல்லைக் கடியுங்கள். விரலுக்கடியில் ஒன்று புடைக்கிறதா? தாடையை மூடுகிற தசை அங்கே வரை விசிறி போல விரிந்திருக்கிறது. நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பவருக்கு அந்தத் தசை ஓய்வே இல்லாமல் வேலை செய்கிறது. சாயங்காலம் பொட்டு தெறிக்காமல் என்ன செய்யும்?

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பது நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிற முதல் புத்திமதிகளில் ஒன்று. மாமியார் வீட்டில், வேலையிடத்தில், பஸ்ஸில். நான் அதை ஒரு பேச்சு வழக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தத் தையல்காரப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தபோது அது தசையில் எழுதப்பட்டிருந்தது. மெல்லுகிற தசை இரண்டு பக்கமும் கூழாங்கல் போல இறுகிக் கிடந்தது. தாடை வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்கிறது மருத்துவம். ஹார்மோன் உட்படப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். பொறுத்துக்கொண்ட கணக்கையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவரை வாயைத் திறக்கச் சொன்னார் பிசியோ. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிந்தால் தாடை போதிய அளவு திறக்கிறது என்று பொருள், ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். அவருக்கு இரண்டு விரல்தான் போனது. "இட்லியைக்கூடப் பிட்டுப் பிட்டுத்தான் சாப்பிடறேன்" என்றார்.

பிறகு அவருக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கு மறக்காது. "'அவன்'னு சொல்லுங்க. கடைசி எழுத்துல அப்படியே நிறுத்துங்க. நாக்கு எங்க இருக்கு?" மேல்பற்களுக்குப் பின்னால், ஈறு மேட்டில். "அதுதான் நாக்கோட வீடு. நாக்கு வீட்டுல இருக்கணும், உதடு மூடியிருக்கணும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது." மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய வேலையே இல்லை என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டுமில்லை, எனக்கும் புதிய செய்தி. வாய் மூடியிருந்தால் பல்லும் மூடியிருக்க வேண்டும் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நாக்கை அந்த இடத்திலிருந்து எடுக்காமல், அது பிடித்திருக்கிற அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூட வேண்டும். ஆறு தடவை. ஒரு நாளைக்கு ஆறு வேளை. சிலி நாட்டின் பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரொகபாடோ வகுத்த ஆறு பயிற்சிகளின் தொகுப்பில் ஒன்று இது. இதோடு, கையுறை போட்ட கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தின் உள்பக்கமாக அந்தத் தசையைப் பிடித்துத் தளர்த்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அந்தப் பெண்ணுக்கு. எழுந்து உட்கார்ந்ததும் சொன்னது: "காது திறந்த மாதிரி இருக்குக்கா."

நாள்பட்ட தாடை வலிக்கு எதைச் செய்யலாம் என்று பி.எம்.ஜே. மருத்துவ இதழ் 2023 இறுதியில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டவை எல்லாம் எளிமையானவை. தாடைப் பயிற்சி, கையால் மூட்டையும் தசையையும் தளர்த்துவது, நிமிர்வுப் பயிற்சி, மன இறுக்கத்தைக் கையாளப் பழக்குகிற உளவியல் சிகிச்சை, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது. இரவில் பற்களுக்கு மாட்டுகிற கவசம் வலியைக் குறைக்கும் என்பதற்கு அதில் ஆதரவு இல்லை. பல் தேயாமல் காக்க அது உதவலாம், அது வேறு கணக்கு. பற்களை ராவிச் சமன் செய்கிறேன் என்று யாராவது ஆரம்பித்தால் இன்னொரு பல் மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள். ராவின பல் திரும்பி வளராது.

கரண்ட் வைப்பதும் கழுத்தை வளர்ப்பதும்

பிசியோதெரபி என்றால் நமக்குப் பக்கவாதமும் எலும்பு முறிவும்தான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் உண்டு. போலியோ பரவியிருந்த காலத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1952ல் மும்பையில்தான் இந்தியாவின் முதல் பிசியோதெரபி பள்ளி தொடங்கியது. கை கால் விழுந்தவர்களை நடக்கவைக்கிற வைத்தியம் என்ற பெயர் அப்படி நிலைத்தது. இன்றைக்கும் "தலைவலிக்குப் பிசியோவா?" என்றுதான் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரரும் கேட்டார்.

போகிறவர்களும் எதிர்பார்ப்பது மின்சார சிகிச்சையை. "பத்து நாள் கரண்ட் வெச்சாங்க", "லைட் வெச்சாங்க" என்றுதான் சொல்வார்கள். நான் முதலில் போன ஓர் இடத்திலும் அதுதான் நடந்தது. ஒட்டுப் பட்டைகளைக் கழுத்தில் வைத்துவிட்டு, இயந்திரத்தைப் போட்டுவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இதமாக இருந்தது. பத்து நாளும் யாரும் என் கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய வாரமே வலியும் திரும்பியது. சூடு, மின்சாரம் எல்லாம் வலியைச் சற்று நேரம் அடக்கி வைக்கும். அந்த இடைவெளியில் கழுத்துக்குப் பலம் சேர்க்கவில்லை என்றால் பணமும் நேரமும் போனதுதான் மிச்சம்.

பலம் சேர்க்கிற பயிற்சி பார்க்க மிகவும் அற்பமாக இருக்கிறது. மல்லாந்து படுத்து, 'சரி' என்று தலையாட்டுவதில் முதல் கால்வாசியை மட்டும் செய்ய வேண்டும். முகவாய் ஒரு நூல் இறங்கும், தலை மேலே தூக்காது. கழுத்தின் முன்பக்கம், தொண்டைக்குப் பின்னால், எலும்பை ஒட்டிப் படிந்திருக்கிற ஆழமான தசைகள் இதில்தான் வேலை செய்கின்றன. கழுத்து வலிக்காரர்களில் அந்தத் தசைகள் சோம்பிக் கிடக்கின்றன. வெளியே புடைத்துத் தெரிகிற பெரிய தசைகள் அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்து களைத்துப்போகின்றன. என் கழுத்துக்கடியில் பி.பி. கருவியில் இருப்பது போல ஒரு காற்றுப்பை வைத்தார். முள் 20ல் நின்றது. தலையசைப்பால் அதை 22க்குக் கொண்டுபோய்ப் பத்து விநாடி நிறுத்த வேண்டும். பிறகு 24, 26 என்று 30 வரை. ஐந்து கிலோ வெங்காய மூட்டையைச் சாதாரணமாகத் தூக்குகிற என்னால் 24ல் ஐந்து விநாடி நிற்க முடியவில்லை. முள் நடுங்கியது.

இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்வென் ஜல். கழுத்தால் வருகிற தலைவலியுள்ள 200 பேரை வைத்து அவரும் குழுவினரும் செய்த ஆய்வு 2002ல் வெளிவந்தது. ஆறு வாரம் சிலருக்குக் கையால் மூட்டுச் சிகிச்சை, சிலருக்கு இந்தப் பயிற்சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. சிகிச்சை பெற்ற மூன்று பிரிவினருக்கும் தலைவலி குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நின்றிருந்தது. ஆறு வார உழைப்பு ஒரு வருடத்துக்குக் கைகொடுக்கிறது என்பது மாத்திரை அட்டையில் கிடைக்காத ஒன்று.

அந்த அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கும். பல மருந்துகள் கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். காலண்டரில் மாத்திரை போட்ட நாட்களைச் சுழித்துப் பாருங்கள். நான் சுழித்தபோது ஒரு மாதத்தில் 17 வந்தது. அதை நிறுத்துவதையும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்தேன். முதல் பத்து நாள் நரகம்.

'தேய்மானம்' என்கிற சொல்

நாற்பது தாண்டியவர் கழுத்து வலி என்று போய் எக்ஸ்ரே எடுத்தால் "கழுத்து எலும்பு தேய்மானம்" என்று கேட்காமல் திரும்புவது அபூர்வம். அந்த ஒரு சொல் எத்தனை பேரை முடக்கிப் போட்டிருக்கிறது! தேய்ந்த செருப்பு மாதிரி, இனி நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து கழுத்தை அசைக்காமல், மாதக்கணக்கில் பெல்ட்டைக் கழற்றாமல் இருக்கிறார்கள். அசையாத கழுத்து மேலும் இறுகுகிறது.

ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு ஸ்கேன் எடுத்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்தெலும்புகளுக்கு இடையிலான தட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பத்தில் ஏழு பேருக்கு மேல். யாருக்கும் வலி இல்லை. முடி நரைப்பது போல எலும்பும் வயதாகிறது. கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது இருந்தால் அந்தப் படத்துக்கு அர்த்தம் வேறு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அவை இல்லை என்றால் தேய்மானம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கழுத்துக்கு யார் கை வைப்பது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து 'மடக்' என்று நெட்டி முறிப்பது நம் ஊரில் ஓர் உபசாரம். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் மூளைக்குப் போகிற இரத்தக்குழாய்களில் சில கழுத்தெலும்பின் துவாரங்கள் வழியாகத்தான் ஏறுகின்றன. தலை கழுவத் தொட்டியில் கழுத்தைப் பின்னால் சாய்த்ததற்குப் பிறகே மூளைப் பாதிப்பு வந்த ஐந்து பெண்களைப் பற்றி 1993ல் மைக்கேல் வைன்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எழுதினார். அரிதுதான். ஒரு நிமிடச் சுகத்துக்கு அந்த அரிய ஆபத்து எதற்கு? "கழுத்து மட்டும் வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

சில வலிகளைப் பிசியோவிடமே கொண்டுபோகக் கூடாது. இடி விழுந்தது போல நொடியில் உச்சத்துக்கு ஏறுகிற தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, அடிபட்ட பிறகு வருகிற வலி, பேச்சு குழறுவது, ஒரு கண் இமை தொங்குவது எல்லாம் நேராக அவசரப் பிரிவுக்கு. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை களைத்து வலித்து, பொட்டு தொட்டாலே வலித்தால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம்மிடையே அரிதானது, ஆனால் விட்டால் பார்வையைப் பறிக்கும். மாடி ஏறினால் தாடை வலித்து, நின்றால் குறைகிறதா? அது இதயத்தின் குரல். ஒரு நல்ல பிசியோ முதலில் இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கழுத்தில் கை வைப்பார். கேட்காதவரிடம் படுக்காதீர்கள்.

நேரம் யாருக்கு இருக்கிறது?

தமிழகத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிற ஏற்பாடு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் ஒரு பகுதி. படுக்கையில் விழுந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது பெரிய கொடை. ஆனால் எழுந்து நடமாடிக்கொண்டே வலியில் இருப்பவர், அதுவும் காலை எட்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்துவிடுபவர், எப்போது யாரைப் பார்ப்பது? அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் அரை நாள் சம்பளம் போனது. நான்காவது தடவைக்குப் பிறகு அவரைப் பெஞ்சில் காணோம். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் தலையை நிமிர்த்தித் தோளைச் சுழற்ற விடாத டார்கெட்டின் மேல்தான். நிமிர்ந்து உட்கார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிமிர்ந்தே இருந்தாலும் நாலு மணி நேரம் அசையாமல் இருந்தால் கழுத்து வலிக்கத்தான் செய்யும். கழுத்து கேட்பது அசைவை. ஆலைகளில் அந்த ஒரு நிமிடத்தைச் சட்டமாகவே ஆக்கலாம். அதனால் எந்தச் சட்டையும் குறைந்துவிடாது.

இரண்டு மாதம் கழித்து அவரைப் பல்லாவரம் மார்க்கெட்டில் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு அவரே கூப்பிட்டார். கடைசியாகப் போன அன்று பிசியோ ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருக்கிறார்: கண்ணில் படுகிற இடத்தில் ஏதாவது ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று கவனித்துத் தளர்த்துங்கள். இவர் தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, மெஷினில் ஊசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

"சூப்பர்வைசர் என்னடி மெஷினுக்குப் பொட்டு வெச்சிருக்கேன்னு கேட்டாங்க. சொன்னேன். மறுநாள் அவங்களே வந்து அந்த 'அவன்' பயிற்சி எப்படின்னு கேக்கறாங்கக்கா. இப்ப எங்க லைன்ல ஆறு மெஷின்ல பொட்டு இருக்கு."

வலி?

"வாரத்துக்கு ஒரு நாள் வருது. அன்னைக்கு மட்டும் வருது." கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, மூன்று விரலை வாய்க்குள் விட்டுக் காட்டினார். மூன்றாவது விரல் முக்கால்வாசி போனது.